அரிசியா, பணமா, சமைத்த சோறா, காய்கறி வண்டியா? பெருந்தொற்றுக் காலத்தில் நகரத்துக்கு உணவளிக்கும் வழிகள் – சென்னை அனுபவத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வார்டு அளவில் பேரிடர்த் திட்டம் ஒன்றை எழுத முனைந்திருக்கும் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இன்னொரு பெருந்தொற்று வந்து நகரம் மறுபடியும் அடைபட்டால், மக்கள் பட்டினி கிடக்காமலிருக்க அரசிடம் முதலில் எதைக் கேட்பது? ரேஷன் அரிசியைக் கூட்டித் தரச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். பணத்தைக் கையில் கொடுத்தால் போதும், அவரவர் தேவையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள் என்றார் மற்றவர். அம்மா உணவகங்களைப் பெருக்குவதே வழி என்று ஒருவர் வாதிட்டார். இன்னொருவரோ 2020 மே மாதத்தில் காய்கறிக்கு அலைந்ததை மறக்காதவர். சந்தையைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்றார்.

நால்வரும் தங்கள் தெருவில் கண்டதைத்தான் சொன்னார்கள். இந்த நான்கு வழிகளையும் சென்னை 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடைமுறையில் செய்து பார்த்துவிட்டது என்பதால், ஊகத்தைக் கொண்டு வாதாட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

## எந்த அளவைகளைக் கொண்டு எடைபோடுவது

இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் செலவே முதலில் பேசப்படுகிறது. நான் அதைப் பின்னால் வைக்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, பசித்திருப்பவரின் கையில் ஏற்கெனவே என்ன இருந்தால் இந்த உதவி அவர் வயிற்றுக்குப் போய்ச் சேரும் என்பதுதான். அரிசி மூட்டைக்குக் குடும்ப அட்டையும் அடுப்பும் வேண்டும். பணத்துக்குத் திறந்திருக்கும் கடை வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வகுத்த திட்டங்களில்தான், மிகவும் இல்லாதவர்கள் முதலில் விடுபட்டுப் போனார்கள்.

இரண்டாவது, எத்தனை நாளில் தொடங்க முடியும் என்பது. பசி மூன்றாம் நாளே முற்றிவிடும். நிர்வாகத்துக்கோ பத்து நாள் பிடிக்கும். மூன்றாவது, கூட்டம். தொற்றுக் காலத்தில் உணவுக்காக நிற்கும் வரிசையே நோயைப் பரப்பும் இடமாகிவிடுகிறது. சாதாரணப் பஞ்ச நிவாரணத்தில் இல்லாத சிக்கல் இது. நான்காவது, அரசின் கணக்கில் ஏறாமல் வேறு யாரோ ஒருவர் தலையில் விழும் செலவு.

| வழி | கையில் இருக்க வேண்டியது | தொடங்க ஆகும் காலம் | கூட்டம் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|---|
| ரேஷன் பொருள்கள் | குடும்ப அட்டை, அடுப்பு, எரிவாயு | ஒரு வாரம் முதல் பத்து நாள் | டோக்கன் இருந்தால் குறைவு | அட்டை இல்லாதவர் விடுபடுவது. கடை ஊழியரின் ஆபத்து |
| ரொக்கம் | திறந்த கடை, நிலையான விலை | ஒரு வாரம். வீட்டுக்கே வந்தால் சற்றுக் கூடுதல் | கொடுக்கும் முறையைப் பொறுத்தது | விலையேற்றம். வீட்டுக்குள் யார் கையில் பணம் என்பது |
| சமைத்த உணவு | நடந்து வரும் தெம்பு | சமையற்கூடம் இருந்தால் மறுநாளே | மூன்று வேளையும் வரிசை | சமைக்கும் பெண்களின் உழைப்பும் ஆபத்தும் |
| சந்தையைப் பிரித்தலும் நடமாடும் வண்டிகளும் | பணம், வண்டி நுழையும் தெரு | முன்கூட்டித் திட்டம் இருந்தால் இரண்டு நாள். இல்லாவிட்டால் வாரங்கள் | மிகக் குறைவு | சுமைதூக்குவோர், சிறு வியாபாரிகளின் வருமான இழப்பு |

## ரேஷன் கடை வழியாக அரிசியும் பருப்பும்

தமிழ்நாட்டுக்கு இதில் இயல்பாகவே ஒரு பலம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் ரேஷன் அரிசி தகுதியைக் காட்டி வடிகட்டித் தரப்படுகிறது. இங்கே அரிசி அட்டை வைத்திருக்கும் எவரும் வாங்கலாம். 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்கு விலையும் இல்லை. 2 கோடிக்கும் மேற்பட்ட அரிசி அட்டைகளுக்கு மாதந்தோறும் பொருள் கொடுத்துப் பழகிய கடைகளும், கிடங்குகளும், லாரிகளும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே 2020 மார்ச் 24ஆம் தேதி, 144 தடையுத்தரவு தொடங்கிய அன்றே, ஏப்ரல் மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றை இலவசமாகவும் அவற்றோடு 1,000 ரூபாயும் தருவதாக 3,280 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மாநில அரசால் அறிவிக்க முடிந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி விநியோகம் தொடங்கியது. புதிதாக யாரையும் கணக்கெடுக்கவோ, பட்டியல் தயாரிக்கவோ வேண்டியிருக்கவில்லை.

அளவு போதுமா என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று வேளையும் சோறே உண்ண நேர்ந்தால், நால்வர் உள்ள உழைக்கும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ அரிசி வேண்டும். அட்டைக்குக் கிடைக்கும் 20 கிலோ பதின்மூன்று நாளில் தீர்ந்துவிடும். சாதாரண மாதத்தில் மீதி நாள்களுக்குக் கடையில் வாங்கியோ, வேலை செய்யும் இடத்தில் உண்டோ சமாளிக்கலாம். ஊரடங்கில் இரண்டும் இல்லை. ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஆளுக்கு 5 கிலோ கூடுதலாகத் தந்த தானியம் இந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. நான்கு பேருக்கு இன்னொரு 20 கிலோ சேர, அரிசி ஏறத்தாழ மாதக்கடைசி வரை வந்தது.

ஆனால் அரிசியைக் கொடுத்துவிட்டதால் உணவு கொடுத்தாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. விறகோ எரிவாயுவோ இல்லாத வீட்டில் அது மூட்டையாகவே கிடக்கும். பள்ளிகள் மூடப்பட்டுச் சத்துணவு நின்றுபோன மாதங்களில், பிள்ளைகள் பள்ளியில் உண்டுவந்த முட்டைக்கு ரேஷன் பையில் மாற்று இருக்கவில்லை. 2021 ஜூனில் புதிய அரசு 14 மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பைக் கொடுத்தபோது, முந்தைய ஆண்டின் இந்தக் குறை ஓரளவு உணரப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வழியின் பெரிய ஓட்டை அட்டைதான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து கட்டுமானத்திலும் பட்டறைகளிலும் உழைத்தவர்களின் அட்டை ஊரில் இருந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதாவது அந்த ஆண்டின் கடுமையான மாதங்கள் கழிந்த பிறகு. இடையில் அவர்களுக்கெனத் தனியாக அரிசியும் பருப்பும் எண்ணெயும் வழங்கப்பட்டன. அதற்கு யாரேனும் ஒருவர் அவர்கள் தங்கியிருந்த கொட்டகையைத் தேடிப் போய்ப் பெயர் எழுத வேண்டியிருந்தது. தில்லி அரசு அட்டை இல்லாதவர்களுக்கு இணையவழித் தற்காலிகக் கூப்பன் கொடுத்தது. நல்ல எண்ணந்தான் என்றாலும், கைப்பேசியும் இணைய வசதியும் இல்லாதவருக்கு அந்தக் கூப்பனே இன்னொரு அட்டையாகிவிட்டது.

## கையில் பணம்

பணத்தை லாரியில் ஏற்ற வேண்டியதில்லை, அது கெட்டுப்போகாது, மருந்துக்கும் உதவும், வாடகைக்கும் உதவும். 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அண்டை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் ஊரடங்கு கடுமையாக்கப்பட்டபோது மீண்டும் 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் அரிசி அட்டைதாரர்களுக்குக் கிடைத்தன. ஒன்றிய அரசு பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மூன்று மாதம் தலா 500 ரூபாய் செலுத்தியது.

1,000 ரூபாயை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பகிர்ந்தால் ஆளொன்றுக்கு நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம் வரும். அம்மா உணவகத்தில் காலையில் மூன்று இட்லி 3 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், மாலையில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய்; மொத்தம் 11 ரூபாய். அவ்வளவு மலிவான அந்த உணவை நால்வரும் மாதம் முழுதும் உண்ணக்கூட அந்தப் பணம் போதாது. எனவே ரொக்கத்தை உணவுக்கு மாற்றாகக் கருதாமல், அரிசியோடு சேர்த்து வாங்கவேண்டிய உப்புக்கும் புளிக்கும் காய்க்குமான தொகையாகவே கருத வேண்டும்.

கொடுக்கும் முறையும் முக்கியம். ரேஷன் கடையில் கொடுத்தால் கடை வாசலிலும், வங்கியில் போட்டால் வங்கி வாசலிலும் கூட்டம் கூடியது. 2020 ஜூனில் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கொடுத்த முறைதான் தொற்றுக் காலத்துக்கு ஏற்றது. அதில் அலைந்த ஊழியர்களுக்குப் போதிய பாதுகாப்புக் கிடைத்ததா என்பதைத் திட்டம் எழுதுவோர் தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்றையும் பெண்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்: மதுக்கடை மூடியிருக்கும்போது வரும் பணமும் திறந்திருக்கும்போது வரும் பணமும் ஒன்றல்ல. 2020 மே மாதம் மாநிலத்தின் பிற பகுதிகளில் டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டபோதும் சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கப்படவில்லை. அந்த இடைவெளி பல வீடுகளில் உலை எரிய உதவியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

## சமைத்த சோறு

நான்கு வழிகளில் இது ஒன்றுதான் பசித்தவரிடம் எதையும் கேட்பதில்லை. அட்டை, அடுப்பு, முகவரி, கைப்பேசி எதுவும் வேண்டாம். நடைபாதையில் படுப்பவர், உணவு விடுதி மூடப்பட்டதால் அறையில் சிக்கிக்கொண்ட இளைஞர், துப்புரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண், அரசு மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு வாசலில் காத்திருப்பவர் என யார் வந்தாலும் தட்டில் சோறு விழும்.

2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் சென்னையில் 400க்குச் சற்று மேல் இருந்தன. வார்டுக்கு இரண்டு என்ற கணக்கில் 200 வார்டுகளிலும், கூடுதலாகச் சில அரசு மருத்துவமனை வளாகங்களிலும் அவை அமைந்திருந்தன. உணவகங்களும் தேநீர்க் கடைகளும் வழக்கம்போல் இயங்க முடியாமற்போன அந்த வாரங்களில் இவை மூடப்படவில்லை. 2020 ஜூனின் கடும் ஊரடங்கில் இங்கே உணவு இலவசமாகவே வழங்கப்பட்டது. வேறொரு நகரம் இதற்குச் சமையற்கூடம் தேட வேண்டும், பாத்திரம் வாங்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். சென்னையில் முந்தைய நாள் வரை 5 ரூபாய் வாங்கிய கை மறுநாள் வாங்காமல் விட்டால் போதும் என்ற நிலை இருந்தது. ஏழாண்டுகளாக நடந்துவந்த ஓர் அன்றாட ஏற்பாடு பேரிடர் வந்தபோது அப்படியே பேரிடர் ஏற்பாடாக மாறியது. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான். ஆட்சி மாறினாலும் இந்த உணவகங்கள் நலிந்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

கேரளம் வேறு விதமாகச் செய்தது. அங்கே 2020 மார்ச் இறுதியில் உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழு அமைப்பின் பெண்களும் சேர்ந்து சமுதாயச் சமையற்கூடங்களைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு 20 ரூபாய்க்கும் சாப்பாடு தந்தார்கள். தன்னார்வலர்கள் பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது நம்மிடம் இல்லாத ஒரு நன்மை. நடக்க முடியாத முதியவருக்கும் தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கும் நம் உணவகங்களால் உதவ முடியவில்லை.

இதன் மறைமுகச் செலவு கனமானது. இந்த உணவகங்களில் உழைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், நாட்கூலி பெறுபவர்கள். பேருந்து ஓடாத நாள்களில் விடியலுக்கு முன் அவர்கள் உணவகம் வந்து சேர வேண்டியிருந்தது. அடைசலான அறையில் ஆவியும் வெப்பமும் சூழ, முகக்கவசத்தோடு மூன்று வேளையும் சமைத்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த வார்டின் பாதிப் பசிக்கு விடை சொல்லும் கூடமே மூடப்படும். ஆகவே வார்டுத் திட்டத்தில் மாற்றுச் சமையல் குழு ஒன்றின் பெயரும் இருக்க வேண்டும். வரிசையும் நாளுக்கு மூன்று முறை நிற்கும். ரேஷன் கடையைப்போல மாதத்துக்கு ஒருமுறை நின்றுவிட்டு மறந்துவிட முடியாது.

தன்னார்வலர்கள் கொடுக்கும் சோற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் நடுவில், கூட்டம் சேர்கிறது என்று காரணம் காட்டி, அமைப்புகள் நேரடியாக உணவு வழங்கக் கூடாது, அதிகாரிகள் வழியாகவே தர வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக உணவு வழங்குவதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. கூட்டம் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அரசு உணவகம் எட்டாத சந்துகளுக்குள் அந்த நாள்களில் போனது அவர்களுடைய வண்டிதான்.

## சந்தையைப் பிரித்தலும் காய்கறி வண்டியும்

இதுவரை பார்த்த மூன்றும் இல்லாதவருக்குக் கொடுக்கும் வழிகள். நான்காவது, வாங்க வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒருசேர நம்பியிருக்கும் குழாயைத் திறந்து வைப்பது. சென்னை தடுமாறி விழுந்தது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கோயம்பேடு வளாகம் 295 ஏக்கர் பரப்புடையது, 1996இல் திறக்கப்பட்டது, காய், கனி, பூ என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். நகரத்தின் காய்கறி ஏறத்தாழ முழுவதும் ஒரே வாசலில் இறங்கி அங்கிருந்து பிரிந்து போனது. சாதாரண நாளில் இது சிக்கனம். தொற்று நாளில் இதுவே ஆபத்து. ஊரடங்கு தொடங்கியபோதே கோவையில் பேருந்து நிலையங்கள் உழவர் சந்தைகளாக மாறின. திருச்சியில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. சென்னையிலும் பிரிக்கும் பேச்சு எழுந்தது, வியாபாரிகள் இணங்கவில்லை, மொத்த வியாபாரத்தோடு சில்லறை வியாபாரமும் அங்கே நடந்துகொண்டே இருந்தது.

பிறகு ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. முந்தைய நாள் மக்கள் கடைகளிலும் சந்தைகளிலும் முண்டியடித்தார்கள். அடுத்த பத்து நாள்களில் கோயம்பேட்டுத் தொற்று வெளிப்பட்டது. ஊர் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்களோடும் வியாபாரிகளோடும் அது கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போனது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை இயங்கத் தொடங்க இன்னும் சில நாள் ஆயிற்று. அந்த இடைவெளியில் சில்லறை விலை ஏறியது. அனுப்ப வழியின்றி விவசாயியிடம் காய் தேங்கியது. பூ வானகரத்துக்கும் பழம் மாதவரத்துக்கும் போயின. திருமழிசை திறந்தவெளி, மழை பெய்தால் சேறு, அழுகும் காய். கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மறுபடி தொடங்கியது செப்டம்பர் 28ஆம் தேதி.

இதில் அரசுக் கணக்கில் ஏறாத இழப்பு யாருடையது என்று பாருங்கள். மூட்டை தூக்கி அன்றன்று கூலி வாங்கியவர்கள் வேலையிழந்தார்கள். தலைச்சுமையாகவும் தள்ளுவண்டியிலும் விற்றவர்கள், கோயம்பேட்டுக்கு நடந்தோ பங்கு ஆட்டோவிலோ போனவர்கள்; திருமழிசைக்குப் போய்வரும் வண்டிக் கூலியே அவர்களுடைய நாள் லாபத்தை விழுங்கிவிடும். சந்தையை மாற்றுவோர் சிறு வியாபாரிக்கு விடியற்காலை வண்டி ஏற்பாடு செய்யாவிட்டால், கடைசித் தெருவுக்குக் காய் போவது அங்கேயே நின்றுவிடும்.

2021 மே 24 முதல் ஒரு வாரம் மளிகை, காய்கறிக் கடைகள் உட்பட எல்லாம் மூடப்பட்டபோது, தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் குட்டியானை வண்டிகளிலும் தள்ளுவண்டிகளிலும் காய்கறியைத் தெருவுக்கே அனுப்பின. முந்தைய ஆண்டைவிட இது எவ்வளவோ சீரான ஏற்பாடு. ஆனால் பழைய பிழை ஒன்று திரும்பவும் நடந்தது: முழு ஊரடங்குக்கு முன் இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டதில் மக்கள் மறுபடி முண்டியடித்தார்கள், விலை பறந்தது. மே 31க்குப் பிறகு மளிகைக் கடைக்காரர்களே வண்டியிலும் தொலைபேசி ஆணை பெற்றும் பொருள் தர அனுமதிக்கப்பட்டபோது பதற்றம் அடங்கியது. வண்டி வரும் என்ற நம்பிக்கை முன்னமே இருந்திருந்தால், அந்த இரண்டு நாள் கூட்டமே கூடியிருக்காது.

வண்டியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது பணம் உள்ளவருக்கே பயன்படும்; அகலமான தெருவுக்குள்தான் நுழையும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் வண்டி, குடிசைப் பகுதியின் முனையில் நின்றுவிட்டுத் திரும்புகிறது.

## எந்த நிலையில் எது

உங்கள் வார்டில் சொந்த வீட்டுக்காரரும் நெடுநாள் வாடகைக் குடும்பங்களும் மிகுதி என்றால், ரேஷனை முதலில் வையுங்கள். அவர்களிடம் அட்டையும் அடுப்பும் உண்டு. டோக்கனை வீட்டுக்கே கொடுக்கச் சொன்னால் கூட்டமும் இராது. அதனோடு காய்கறி வண்டி வரும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொண்டால் பெரும்பகுதி தீர்ந்தது.

தொழிற்பேட்டை, கட்டுமான இடங்கள், தங்கும் விடுதிகள், பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவை உங்கள் வார்டில் இருந்தால் சமைத்த சோற்றுக்கே முதலிடம். இங்கே ரேஷனைக் கூட்டித் தந்தாலும் யாருக்கும் எட்டாது. அதேபோல், வார்டு எதுவாயினும், அறிவிப்பு வந்த முதல் மூன்று நாள் சமைத்த சோற்றின் நாள்களே. அரிசி வந்து சேரும்வரை வேறு எதுவும் அந்த இடத்தை நிரப்பாது.

பணத்தை நான் மூன்றாம் இடத்தில் வைப்பேன். கடைகள் திறந்து, விலை அடங்கி, வேலை மட்டும் திரும்பாமலிருக்கும் கட்டத்தில், அதாவது ஊரடங்கு தளரும் மாதங்களில்தான் அதற்கு முழு மதிப்பு. கடைகள் மூடியிருக்கும் வாரத்தில் தரும் பணம் விலையேற்றத்துக்கே போய்ச் சேரும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டிலும், தொடர்ந்து மருந்து வாங்கும் நோயாளி இருக்கும் வீட்டிலும் பணமே முதலில் வேண்டும்.

சந்தை இந்த வரிசையில் சேராது; இந்த மூன்றுக்கும் முந்தைய வேலை அது. தொற்று வந்த பிறகு சந்தையைப் பிரிக்கப் போனால் என்ன ஆகும் என்பதை 2020 மே மாதம் காட்டிவிட்டது. எந்தப் பள்ளி மைதானத்தில், எந்தப் பேருந்து நிலையத்தில் எத்தனை கடை போடலாம், தண்ணீரும் கழிப்பறையும் கூரையும் எங்கே உண்டு, தள்ளுவண்டிக்காரர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எங்கிருந்து சரக்கு வரும் என்ற பட்டியலை எந்த அரசாணைக்கும் காத்திராமல் வார்டுக் குழுவே இன்று எழுத முடியும். கேள்வி கேட்டவர்களிடம் நான் முதலில் எழுதச் சொன்னது அந்தப் பக்கத்தைத்தான். அடுத்து, தங்கள் வார்டில் உள்ள இரண்டு உணவகங்களிலும் சமைக்கும் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள், பேருந்து நின்றால் எப்படி வருவார்கள் என்பதை நேரில் போய்க் கேட்டு எழுதச் சொன்னேன்.